கூடைகள் குறைந்த மலை

சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மாமா குடும்பம் வருவது எங்கள் வீட்டில் இன்னொரு பெருநாள் மாதிரி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறார்கள். ஹட்டனில் எங்களோடு ஓரிரவு தங்குவார்கள். மறுநாள் எல்லோருமாக வேன் பிடித்து, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போவோம். விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கலைப் பூங்கா, ஐஸ்கிரீம், குதிரைச் சவாரி எல்லாம் உண்டு. ஆனால் மாமாவுக்கு இவற்றைவிடப் பிடித்தது வழியிலுள்ள ஒரு வளைவுதான். எதிரே ஒரு தேயிலை மலை. அங்கே வேனை நிறுத்தி, மலையைப் பின்னால் வைத்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் அவருக்குப் பயணம் நிறைவேறும்.

இந்த வருடம் அந்த வளைவில் இறங்கியவர் படம் எடுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மச்சான் இது? மலையில ஆளே இல்லையே! பாதி மலை காடு மண்டிக் கெடக்கு" என்றார் வாப்பாவிடம். சற்றுத் தள்ளி, அவர் வழக்கமாகத் தேயிலைத்தூள் வாங்கும் தொழிற்சாலையும் பூட்டிக் கிடந்தது. "இருவது வருஷமா வாறன். ஹோட்டல் வாடகை கூடுது, நுழைவுச்சீட்டு கூடுது, எல்லாம் கூடுது. பாக்க வந்தது மட்டும் கொறஞ்சிக்கிட்டே போகுது" என்று வழிநெடுகக் குறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

அன்றிரவு மாமி தன் கைப்பேசியில் பழைய படங்களைக் காட்டினார். அல்பத்திலிருந்து பிடித்து வைத்திருந்தார். நான் பிறந்த வருடத்துப் படத்தில் மாமா ஒல்லியாக நிற்கிறார். பின்னால் மலை முழுக்க ஆட்கள். ஏதோ தோன்றி, படத்தைப் பெரிதாக்கிக் கூடைகளை எண்ணினேன். இருபத்தேழு. ஐந்து வருடத்துக்கு முந்திய படத்தில் பதினொன்று. இந்த வருடம் மாமி எப்படியோ எடுத்திருந்த ஒரு படத்தில் நான்கு. மாமா சொன்னது வெறும் குறையல்ல, கணக்கு என்று அப்போது விளங்கியது.

மறுநாள் காலை கடையில் வாப்பாவுக்கு உதவியாக நின்றேன். எங்களுடையது தோட்டத்து மக்களை நம்பிய சில்லறைக் கடை. என் பாட்டனார் காலத்திலிருந்தே அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா வந்தார். வழக்கமாகப் பெரிய பால்மா பெட்டி வாங்குகிறவர், அன்று சின்னப் பக்கற் ஒன்றைக் கேட்டார். கடன் கொப்பியில் எழுதும்போது வாப்பா விசாரித்தார். "கிழமைக்கு மூணு நாள்தான் மொதலாளி பேரு போடுறாங்க. மத்த நாள் கைக்காசுக்கு வான்னு சொல்றாங்க. கிலோக் கணக்குல காசு. மழை வந்தா அதுவும் இல்ல" என்றார் அவர். பிறகு ஒன்று சொன்னார்: "எங்க மலையில முந்தி நாப்பது பேரு நெர நிப்போம். இப்ப ஒருத்திக்கு ஒருத்தி பேசணுன்னா கத்தணும்."

மாமாவின் குறையும் அந்த அக்காவின் குறையும் ஒரே மலையைப் பற்றியவை. ஒருவர் தெருவில் நின்று பார்த்தார். ஒருவர் மலையில் நின்று பார்த்தார். ஆனால் மாமாவின் குறையைக் கேட்பதற்கு உல்லாசப் பயணத்துறை இருக்கிறது, ஹோட்டல்காரர் இருக்கிறார், செய்தித்தாள்கள் இருக்கின்றன. அக்காவின் குறை எங்கள் கடன் கொப்பியில்தான் பதிவாகிறது.

இப்படி ஒரு சண்டை வெளியுலகிலும் நடந்துகொண்டிருப்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். அமெரிக்காவின் டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். முதலாவது பூங்கா கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்டது. புளோரிடாவில் உள்ளது 1971இல் வந்தது. சிறுவயதில் பெற்றோரோடு போனவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு போகிறார்கள். அப்படித் தலைமுறையாக நேசித்தவர்களே இன்று அதிகமாகக் குறைப்படுகிறார்கள். வரிசையில் நில்லாமல் போவதற்கு 1999 முதல் இலவசமாக இருந்த வசதி 2021இல் காசுக்கு வந்தது. பூங்காவின் ஹோட்டல்களில் தங்குவோரை விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஏற்றிவந்த பஸ், 2022இன் தொடக்கத்தோடு நின்றது. கொரோனாக் காலத்தில், 2020 செப்டெம்பரில், பூங்காப் பிரிவில் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர ஊழியர். பூங்காக்கள் மீண்டும் நிரம்பிய பின்னரும், 2023 பெப்ரவரியில், குழுமம் முழுவதிலும் மேலும் 7,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

ரசிகர்களின் கோபம் நியாயமானது. ஒரு பூங்காவை ராட்டினம் மட்டும் பூங்காவாக்குவதில்லை. தொலைந்த பிள்ளையின் கையைப் பிடித்து நிற்கிறவர், இரவில் தரையைக் கழுவுகிறவர், வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் பகிடி விடுகிறவர் எல்லாரும் சேர்ந்ததுதான் பூங்கா. கணக்கேட்டில் அவர்கள் செலவு என்ற பக்கத்தில் இருப்பார்கள். பார்க்க வருகிறவருக்கோ அவர்கள்தாம் வரவு. முதலில் வெட்டப்படுவதும் அவர்கள்தாம்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே யாரும் ஒரே நாளில் 28,000 பேரை நீக்குவதாக அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் ஹட்டனில் பஸ் ஓடியிராது. இங்கே நடப்பது சத்தமில்லாத குறைப்பு.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்டதிலிருந்து இந்தத் தொழில் ஆட்களின் தோளில் நின்ற தொழில். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் இருபதுக்கும் மேற்பட்ட தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அந்நேரம் அந்தத் தோட்டங்களில் பதிவுபெற்ற தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கும் மேல். இன்று அது ஒரு இலட்சத்துச் சொச்சம். மாமியின் படத்தில் நான் எண்ணிய கூடைகளும் ஏறக்குறைய இந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

இது எப்படி நடக்கிறது? ஓய்வு பெறுகிறவரின் இடத்துக்குப் புதிதாக யாரும் பதியப்படுவதில்லை. பதிவில் உள்ளவருக்கும் வேலை நாள்கள் குறைகின்றன. ஒரு நாள் பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை ஏறுகிறது. அந்த நிறை வராவிட்டால் அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது மலையகமே மகிழ்ந்தது. அதன் பிறகு பல தோட்டங்களிலிருந்து, நிறையை ஏற்றிவிட்டார்கள், நாளைக் குறைத்துவிட்டார்கள் என்ற முறைப்பாடுகள் வந்தன. தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு நின்றுபோனது. ஒரு கையால் கூடிய சம்பளம் இன்னொரு கையால் குறைந்ததை எங்கள் கொப்பியே காட்டும்.

கைக்காசு முறையில் கொழுந்துக்குக் காசு கிடைக்கும். ஆனால் ஊழியர் சேமலாப நிதி, பிரசவ விடுமுறை, பணிக்கொடை என்று ஒரு பேரோடு சேர்ந்து வருகிற பாதுகாப்பெல்லாம் பேர் போடாத நாளில் சேராது. பத்து வருடம் இப்படி உழைத்த ஒருவர் ஐம்பத்தைந்தாவது வயதில் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புவார். நீக்கல் கடிதம் ஒருவருக்கும் வராது. பேர்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.

ஆள் குறைந்தால் மலை அதைக் காட்டிவிடும். புல் வெட்டுவது பின்தள்ளிப்போகிறது. கவ்வாத்து காலம் தவறுகிறது. ஏழு நாளில் திரும்பி வரவேண்டிய மலைக்குப் பதினைந்து நாளில் வந்தால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய கொழுந்தில் நல்ல தூள் வராது. தூள் நன்றாயில்லாவிட்டால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். விலை விழுந்தால் செலவைக் குறைக்கவேண்டும் என்பார்கள். அப்போது மறுபடியும் ஆள் குறையும். செலவைக் குறைத்துத் தப்பப் பார்க்கிற தொழில் தன் காலிலேயே கத்தி வைப்பது இப்படித்தான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கம்பனிகள் சொல்வதெல்லாம் பொய்யல்ல. தேயிலை விலையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. 1883இலிருந்து நடக்கிற கொழும்பு ஏலம்தான் நிர்ணயிக்கிறது. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு ஆட்கூலி. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்களோடு போட்டி போடுவது பெருந்தோட்டத்துக்கு இலேசல்ல. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது கம்பனிகளின் விருப்பத்தால் அல்ல. அந்த வருடம் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த வருடம் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு இறங்கியது. அதன் அடி எல்லோருக்கும் விழுந்தது.

இன்னோர் உண்மை இதைவிட முக்கியம். மலையை விட்டுப் போனவர்கள் எல்லோரும் தள்ளப்பட்டவர்கள் அல்லர். விருப்பத்தோடு போனவர்களும் நிறைய. என்னோடு படிக்கிற தோட்டத்துத் தோழி ஆசிரியையாகப் போகிறாள். அவள் அம்மா சொல்வார், "எங் கூடை என்னோட போகட்டும்" என்று. அந்தக் கூடையை அவள் தோளில் மாட்டவேண்டுமென்று நான் ஏன் விரும்பவேண்டும்? மாமாவின் படத்துக்குப் பின்னணி வேண்டும் என்பதற்காகவா?

இங்கேதான் நம் மலையைப் பார்க்க வருகிறவர்களின் அன்பில் உள்ள கோளாறு எனக்குத் தெரிந்தது. எங்கள் மலைகளை ஒரு கேளிக்கைப் பூங்காவாகப் பார்க்கப் பழகிவிட்டோம். கந்தப்பளையில் மூடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை 1990களில் அழகான ஹோட்டலானது. இன்று பல இடங்களில் உல்லாசப் பயணிகள் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்தெடுப்பதுபோலப் படம் எடுக்கிறார்கள். அதில் கெட்ட நோக்கம் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அட்டைக்கடி வராது. நிறை குறைந்து அரைப்பேர் விழுந்த நாளின் முகம் வராது. ஆள் குறைந்தபோது 'படம் கெட்டுப்போச்சே' என்று வருந்துவது வாடிக்கையாளரின் கவலை. 'அந்த ஆளுக்கு என்ன ஆச்சு' என்று கேட்பதுதான் உறவின் கவலை.

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் டிஸ்னி விடயத்திலும் இருந்தார்கள். 2018இல் கலிபோர்னியாப் பூங்கா ஊழியரிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, முந்திய இரண்டு வருடத்துக்குள் பத்தில் ஒருவர் வீடின்றி இருந்திருக்கிறார் என்றது. பெரிய பேச்சு எழுந்தது. அந்த வருடமே அங்குள்ள பல ஆயிரம் ஊழியரின் மணிக்கூலியை 15 டொலராக்க நிறுவனம் தொழிற்சங்கங்களோடு உடன்பட்டது. 2020இல் ஊழியர்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, மேலிடத்தாரின் கொழுத்த ஊக்கப்பணத்தைப் பற்றிப் பகிரங்கமாகக் கேட்டவர் அபிகேல் டிஸ்னி. நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ரோய் டிஸ்னியின் பேத்தி. பூங்கா ஊழியரின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்து 2022இல் வெளியிட்டார். தன் குடும்பத்தின் பெயர் தாங்கிய இடத்தை நேசித்தபடியே அதைக் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

மற்றவரைச் சொல்லும்போது நம் வீட்டையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, பால்மா இல்லை என்று நாடே வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் கடையிலும் செலவைக் குறைத்தோம். கடையில் இரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருவரை வாப்பா நிறுத்தினார். தோட்டத்து லயத்திலிருந்து வந்து பதினோரு வருடம் எங்களோடு நின்றவர். நான் தத்தித் தத்தி நடந்த காலத்தில் சாக்குமூட்டைமேல் உட்காரவைத்து விளையாட்டுக் காட்டியவர். போகும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவின் கையைப் பிடித்துவிட்டு, "வாறன் மொதலாளி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அந்த மாதம் கணக்கில் மிச்சம் தெரிந்தது. ஆனால் எந்த அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாரிடம் கடனைக் கேட்கக்கூடாத கிழமை எது என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் போன பிறகு பழைய வாடிக்கையாளர் பலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கொஞ்சம் நிலைமை சீரானதும் வாப்பா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் கொழும்பில் ஒரு களஞ்சியசாலையில் சேர்ந்திருந்தார். வரவில்லை. "கணக்குல மிச்சம், கடையில நட்டம்" என்று வாப்பா இன்றைக்கும் சொல்வார். இஷாத் தொழுதுவிட்டு வந்த ஓரிரவு இன்னொன்றும் சொன்னார்: "நம்மட வீட்டுச் செலவுல எதையும் கொறைக்க முன்ன அவனத்தான் கொறைச்சன். அதுதான் உறுத்துது."

நான் கம்பனிகளிடம் கேட்க நினைப்பதும் வாப்பாவின் அந்த வார்த்தையில் இருக்கிறது. கெட்ட காலத்தில் செலவு குறையத்தான் வேண்டும். எங்கிருந்து குறைக்கத் தொடங்குகிறோம் என்பதுதான் கேள்வி. ஏன் எப்போதும் கூடைக்காரியின் பேரிலிருந்து தொடங்குகிறது? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியைச் சிறுவயதில் மனனம் செய்தவர்கள் நாம். வியர்வை சிந்துவதற்கே இடம் கொடாமல் பேரை அழிப்பதைப் பற்றியும் நாம் பேசவேண்டும்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் நம் குடும்பங்கள் பல, தோட்டத்துச் சம்பள நாளை நம்பிக் கடை வைத்தவை. நம் கல்லூரிப் பயணச் செலவும், இந்த மலருக்கு நம் பெற்றோர் கொடுத்த விளம்பரக் காசும்கூட அந்தக் கூடைகளுக்குக் கொஞ்சம் கடன்பட்டவை. மலையைத் தூர நின்று இரசிக்கிறவர்கள் என்று நம்மைச் சொல்லமுடியாது. நாம் அதில் பங்காளிகள்.

அதனால் பெற்றோர்களே, தோழியரே, ஒரு சின்ன வேண்டுகோள். தோட்டத்தைப் பார்க்கப் போகும்போது, தொழிற்சாலையில் தேயிலைத்தூள் வாங்கும்போது, அங்குள்ள பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே கொழுந்தெடுக்கிறவர்களுக்குக் கிழமைக்கு எத்தனை நாள் பேர் போடுகிறீர்கள்?" வாங்குகிறவர் கேட்கிற கேள்விக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு பருவம் முழுக்க வருகிறவர்களெல்லாம் கேட்டால் பதில் தேடவேண்டி வரும். நம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்களைப் பற்றி அதே கேள்வியை நமக்குள்ளும் கேட்டுக்கொள்வோம்.

மாமா கொழும்புக்குத் திரும்பும் நாளில், நான் எண்ணிய கூடைக் கணக்கைச் சொன்னேன். இருபத்தேழு, பதினொன்று, நான்கு. பால்மா வாங்க வந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப மத்த இருவத்தி மூணு பேரும் எங்க மகள்?"

மூன்று பேரின் கதை கடையில் கேட்டு எனக்குத் தெரியும். ஒருவர் வெளிநாட்டில் வீட்டு வேலையில். ஒருவர் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். ஒருவர் கிழமைக்கு மூன்று நாள் பேரோடு அதே மலையில். மற்ற இருபது பேரை நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.